பயாப்சி ரிப்போர்ட் ஏன் இத்தனை நாள் ஆகிறது?

சதைத்துண்டை இயந்திரத்தில் போட்டால் பதில் அச்சாகி வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரத்தச் சர்க்கரைக்கு அது கிட்டத்தட்ட உண்மை. பயாப்சிக்கு அப்படி இல்லை. ஸ்லைடை, அதாவது திசுவின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடியை, பார்த்து நோயின் பெயர் சொல்பவர் ஒரு டாக்டர். மருத்துவப் படிப்பை முடித்து, அதற்கு மேல் பல வருடம் பேத்தாலஜி, அதாவது நோய்க்குறியியல், படித்தவர். நோயாளியை அவர் நேரில் பார்ப்பது அபூர்வம். ஆனால் கீமோவா, ஆபரேஷனா, ஒன்றுமே வேண்டாமா என்பது பெரும்பாலும் அவர் எழுதும் வரியைப் பொறுத்தது.

அந்த வரியின் தரம் மைக்ராஸ்கோப்புக்கு வெகு முன்னாடியே, டப்பாவிலேயே முடிவாகிவிடுகிறது. உடம்பை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து திசு அழுக ஆரம்பிக்கும். அதை நிறுத்துவது 10 சதவீத ஃபார்மலின். திசுவின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு ஊற்ற வேண்டும். அது உள்ளே ஊறும் வேகம் மணிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஆழம் போகப் போக இன்னும் மெதுவு. ஒரு பெரிய கட்டியை வாய் குறுகிய டப்பாவில் திணித்து, மேலாக்க கொஞ்சம் ஊற்றி அனுப்பினால், வெளிப்புறம் கெட்டிப்பட்டிருக்கும், நடுப்பகுதி கூழாகியிருக்கும். மார்பகப் புற்றுநோய் என்றால் கணக்கு இன்னும் கறார்: வெட்டி எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும், 6 முதல் 72 மணி நேரம் ஊற வேண்டும். இது தப்பினால் ஹார்மோன் ரிசெப்டர், ஹெர்2 என்ற, புற்றுச் செல்லில் இருக்கும் புரதங்களைத் தேடும் சோதனைகளின் முடிவுகளை நம்ப முடியாது. எந்த மருந்து என்பதே அந்த முடிவை வைத்துத்தான்.

எல்லாவற்றையும் ஃபார்மலினில் போடுவதும் தப்பு. காசநோய்க் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, வேண்டிய துண்டு அதில் விழுந்தால் கிருமி செத்துவிடும். அதைத் தனியாக சலைனில் அனுப்ப வேண்டும். சிறுநீரக பயாப்சியில் இம்யூனோஃப்ளோரசன்ஸ் என்ற ஒளிரும் சாயச் சோதனைக்கான துண்டும் ஃபார்மலின் படாமல் வர வேண்டும்.

அடுத்தது கிராஸிங், அதாவது கத்தியும் அளவுகோலுமாக உட்கார்ந்து பார்த்து வெட்டுவது. கட்டியின் வெளிப்பரப்பில், பக்கத்துக்கு ஒரு நிறமாக மை தடவுவார்கள். பிறகு மெல்லிய துண்டுகளாக அறுத்து, 3, 4 மில்லிமீட்டர் கனத்தில் கேசட் என்ற சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பார்கள். ஸ்லைடில் புற்றுச் செல் நீல மையைத் தொட்டால் நீலப் பக்கத்தில் மிச்சம் இருக்கிறது என்று பொருள். சர்ஜன் ‘மேல் பக்கம்’ என்று ஒரு தையல் நூல் போட்டு அனுப்பாவிட்டால், நீலம் எந்தத் திசை என்று யாராலும் சொல்ல முடியாது.

திசுவிலிருந்து தண்ணீரை எடுத்து மெழுகை ஏற்ற, ராத்திரி முழுக்க ஆல்கஹால், சைலீன், பாரஃபின் மெழுகு. காலையில் மெழுகுக் கட்டியாக, அதாவது பிளாக்காக, வெளியே வரும். எலும்பானால் முதலில் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்க வேண்டும். அதற்கே சில நாள் போய்விடும். பிளாக்கை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 3 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கனத்துக்குச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி எடுப்பார்கள். இங்கே ஒரு பொல்லாத விபத்து உண்டு. முந்தைய நோயாளியின் திசுத் துணுக்கு தண்ணீரிலேயே தங்கி, அடுத்தவர் ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளும். ஃப்ளோட்டர் என்பார்கள். அனுபவசாலிக்கு உடனே உறுத்தும்: வயிற்றுச் சதைக்குப் பக்கத்தில் சம்பந்தமில்லாத ஒரு புற்றுத் துணுக்கு, அதுவும் கொஞ்சம் வேறு ஃபோகஸில். பிளாக்கை மறுபடி சீவிப் பார்ப்பார். புது ஸ்லைடில் அது இல்லையென்றால் பெரும்பாலும் வந்தேறிதான். சந்தேகம் தீராவிட்டால் டிஎன்ஏ ஒப்பீடு.

ஸ்லைடு மட்டும் போதுமா என்றால் போதாது. ஆறிவரும் எலும்பு முறிவில் புதிதாக முளைக்கும் எலும்பு, மைக்ராஸ்கோப்பில் எலும்புப் புற்றுநோய் மாதிரியே பயமுறுத்தும். எக்ஸ்ரேயைப் பார்த்தால் விஷயம் தெளியும். ‘கட்டி, சந்தேகம்’ என்று மட்டும் எழுதிய கோரிக்கைப் படிவத்தோடு எலும்பு பயாப்சி வந்தால், முதல் வேலை சர்ஜனுக்குப் போன் போடுவதுதான். இந்தத் தொழிலில் போன் பேசக் கூச்சப்படுபவர் நல்ல பேத்தாலஜிஸ்ட் ஆக மாட்டார் என்பது என் தீர்மானமான கருத்து. ‘இந்தத் துண்டு போதாது, இன்னொன்று வேண்டும்’ என்று சொல்லத் துணிச்சலும் வேண்டும்.

“ஆபரேஷன் நடக்கும்போதே இருபது நிமிடத்தில் சொல்கிறார்களே?” அது ஃப்ரோஸன் செக்‌ஷன். மைனஸ் 20 டிகிரியை ஒட்டிய குளிரில் உறையவைத்துச் சீவுவது. ஓரத்தில் புற்று மிச்சமா, நிணநீர்க் கணுவில் பரவியிருக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பயன்படும். ஆனால் பனிப் படிகங்கள் செல்லின் உருவத்தைக் கெடுக்கும், கொழுப்புத் திசு சரியாக உறையாது. அதனால் மிச்சத் திசு மெழுகு வழியாகப் போய் வரும்வரை அந்தப் பதில் தற்காலிகமானதே.

ரிப்போர்ட்டில் ‘ஒத்துப்போகிறது’, ‘சந்தேகிக்கத்தக்கது’ என்ற சொற்கள் ஒன்றல்ல. இரண்டாவதை வைத்துப் பொதுவாகப் பெரிய சிகிச்சை தொடங்க மாட்டார்கள். சிறப்பு ஸ்டெயினோ (திசுவுக்கு ஏற்றும் சாயம்) மறு பயாப்சியோ கேட்பார்கள். குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் இம்யூனோ ஸ்டெயின் என்றால் இன்னும் ஓரிரு நாள் கூடும்.

இரண்டாவது கருத்துக்குப் போகிறவர்கள் ஸ்லைடை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். புது ஸ்டெயின் போட வேண்டுமென்றால் அங்கே இருப்பவருக்குச் சீவ ஏதாவது வேண்டுமே.