பூச்சியம் காட்டும் பணப்பை

ஹட்டன் பஸ் நிலையத்துக்குச் சற்று மேலே கைத்தொலைபேசி திருத்தும் சிறிய கடையொன்றை நடத்துகிறேன். கண்ணாடி உடைந்த போன்களுக்கு நடுவே, "தம்பி, வச்ச காசு காணாமப் போச்சு" என்ற முறைப்பாடும் அவ்வப்போது வரும். அவர்கள் சொல்வது பிட்கொயின் என்ற மெய்நிகர் நாணயத்தை, அல்லது கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பிய, அமெரிக்க டொலரின் மதிப்பையொட்டிய யூஎஸ்டிடியை. காசு போனுக்குள் ஒருபோதும் இருந்ததில்லை என்பதுதான் நான் முதலில் சொல்வது. கணக்கு, உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் பிரதியாகக் கிடக்கும் பேரேட்டில் இருக்கிறது. வாலட் எனப்படும் பணப்பையில் இருப்பது அதைத் திறக்கும் சாவி மட்டுமே. திரையில் பூச்சியம் தெரிந்தால், தொலைந்தது சாவியா அல்லது பேரேடு சரியாகத் தெரியவில்லையா என்பதைத்தான் முதலில் கண்டறிய வேண்டும்.

இதை நான் கற்றது 2013 இல், தலவாக்கலையில், ஒரு பழைய மடிக்கணினியோடும் டொங்கிளோடும் மல்லுக்கட்டிய நாட்களில். 2014 இல் பிட்கொயின் கோர் எனப் பெயர் மாறிய பிட்கொயின் கியூடி என்ற பணப்பை மென்பொருள், 2009 ஜனவரி 3 ஆம் திகதியிட்ட முதல் தொகுதியிலிருந்து (தொகுதி என்பது பேரேட்டின் ஒரு பக்கம் போன்றது) எல்லாவற்றையும் இறக்கிய பிறகே சரியான இருப்பைக் காட்டும். ஜன்னலோரத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கும் வீட்டில் அது வாரக்கணக்கில் பூச்சியத்தையே காட்டியது. ஆனி மாத மழையில் மின்சாரம் போய்த் தரவுக் கோப்புகள் சிதைந்தபோது, ஆத்திரத்தில் முழுக் கோப்புறையையும் அழிக்கக் கை வைத்துவிட்டேன். சாவிகள் உள்ள வாலட் டாட் கோப்பும் அதே கோப்புறைக்குள்தான் இருந்தது. தெய்வாதீனமாக அதை முதலில் யூஎஸ்பியில் பிரதி எடுத்தேன். பின்னர் ரீஇண்டெக்ஸ் கட்டளையைக் கொடுத்ததும், ஏற்கெனவே இறக்கிய தொகுதிகளிலிருந்தே அட்டவணை மீண்டும் உருவானது.

அக்காலத்தில் எடுத்த காப்புப் பிரதிகளில் இன்னொரு பொறியும் உண்டு. மென்பொருள் முன்கூட்டியே 100 சாவிகளை உருவாக்கி வைக்கும். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் மீதிப் பணம், தனிச் சாவியுள்ள புதிய முகவரியொன்றுக்குத் (கணக்கு எண் போன்றது) திரும்புவதால், அந்தச் சாவிகள் நாம் அறியாமலே தீர்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் பழைய பிரதியில் பிந்திய சாவிகள் இருக்காது. 2016 இல் வந்த 0.13 பதிப்பிலிருந்து, புதிதாக உருவாக்கும் பணப்பைகளில் எல்லாச் சாவிகளும் விதை எனப்படும் ஒரே இரகசிய எண்ணிலிருந்து பிறப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

அனுப்பிய பணம் உறுதியாகாமல் தொங்குவது பெரும்பாலும் கட்டணம் குறைவாக வைத்ததன் விளைவு. ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு தொகுதிதான் உருவாகிறது. கூடுதல் கட்டணம் கொடுத்தவர்கள் முதலில் ஏறிக்கொள்கிறார்கள். பணப்பை இடமளித்தால் கட்டணத்தை உயர்த்தி மீண்டும் அனுப்பலாம். இல்லாவிட்டால் காத்திருக்கலாம், ஏனெனில் 14 நாட்களுக்குள் ஏறாததைப் பெரும்பாலான கணினிகள் தம் வரிசையிலிருந்து நீக்கிவிடும்; பணம் அனுப்பாததுபோல் உங்களிடமே நிற்கும்.

யூஎஸ்டிடி டிரான், எதீரியம், பிஎன்பி எனத் தனித்தனிப் பேரேடுகளுள்ள பல வலைப்பின்னல்களில் ஓடுவதால், வலைப்பின்னல் மாறிப்போவதுதான் இப்போது அதிகம். டிரான் முகவரி 'டி' எழுத்தில் தொடங்குவதால் அதைக் கண்டே பிரித்தறியலாம்; ஆனால் எதீரியத்துக்கும் பிஎன்பி சங்கிலிக்கும் முகவரி ஒரே வடிவத்தில் இருப்பதால், ஒன்றை நினைத்து மற்றொன்றில் அனுப்பிவிடுகிறார்கள். சாவி உங்கள் கையில் இருந்தால், அந்த மற்ற வலைப்பின்னலைப் பணப்பையில் சேர்த்ததும் பணம் தெரியும். சாவியைத் தானே வைத்திருக்கும் பரிமாற்றத் தளத்தின் (நாணயங்களை வாங்கி விற்கும் இணையத்தளம்) முகவரிக்குப் போயிருந்தால் அவர்களிடம்தான் கெஞ்ச வேண்டும். வங்கி அட்டை மறுக்கப்படுவதைப் பழுது என்று நினைத்துக் கடைக்கு வருவோரும் உண்டு. மெய்நிகர் நாணயக் கொடுப்பனவுகளுக்கு அட்டைகளைப் பயன்படுத்த அனுமதியில்லை என்பது 2021 இல் வந்த பணிப்பு, அதை நான் திருத்த முடியாது.

கடந்த மழைக்காலத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வயதான ஒருவர் ஒரு சி.ஆர். கொப்பியோடு வந்தார். மகன் எழுதிக் கொடுத்த, பணப்பையின் சாவிகளை மீண்டும் உருவாக்கும் 12 மீட்புச் சொற்கள் அதில் இருந்தன. லயத்துக் கூரை ஒழுகியதில் நீல மை ஊறிப் பரவியிருந்தது. இச்சொற்கள் எடுக்கப்படும் பொதுப் பட்டியலிலுள்ள 2048 ஆங்கிலச் சொற்களில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக வராது என்பதால், பாதி அழிந்த சொற்களை எளிதாக மீட்டோம். ஏழாவது சொல்லில் எம், ஓ, யூ மட்டுமே தெரிந்தன. பட்டியலில் அப்படித் தொடங்குபவை இரண்டே: மவுண்டைன், மவுஸ். ஒன்பதாவது சொல் முற்றாகக் கரைந்திருந்தது. இரண்டை 2048 ஆல் பெருக்கினால் 4096 சேர்க்கைகள். ஆனால் கடைசிச் சொல்லில் ஒரு சரிபார்ப்பு ஒளிந்திருப்பதால், ஏறத்தாழ 16 இல் ஒன்றே செல்லுபடியாகும். இணையத்தைத் துண்டித்த கணினியில், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எஞ்சிய ஏறத்தாழ 256 சேர்க்கைகள் தரும் முகவரிகளை, மகனுடைய பழைய வாட்ஸ்அப் செய்தியில் இருந்த முகவரியோடு ஒப்பிட்டோம். (முன்பின் தெரியாத ஒருவர் இணையத்தில் "சொற்களை அனுப்புங்கள், மீட்டுத் தருகிறேன்" என்றால், அவர் திருடன்தான்.)

பொருந்தியது மவுஸ். பணம் தெரிந்ததும் பெரியவர் எழுந்து கொப்பியை மடிக்கப் போனார். அந்தச் சொற்களை நானும் பார்த்துவிட்டேன், ஆகவே அவை இனி உதவா என்று சொல்லி, புதிய பணப்பையொன்றைத் திறந்து கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். மை கரையும், பென்சில் கரையாது என்பதால், மகனைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பென்சிலால் எழுதி முடித்து, தாளை மடித்து ஒரு தேயிலை டின்னுக்குள் வைத்தார். அதன் பிறகே பணத்தை அங்கு மாற்றினோம்.