மாரியும் கறுப்புப் படலமும்

நவம்பர் 12
மட்டக்களப்பில் விடிய முதலே மழை. மீகடத்திப் படலத்துக்கான கரைசல் தயார். மீகடத்தி என்றால், நன்றாகக் குளிர்ந்ததும் மின்தடை பூச்சியமாகிவிடும் பொருள். இற்றியம், பேரியம், செம்பு 1:2:3 விகிதத்தில், புளோரின் உள்ள ட்ரைபுளோரோஅசற்றேற்று உப்புகளாக மெதனோலில். செம்பால் வந்த நீலம் அழகு. சாதாரண அசற்றேற்று மலிவுதான், ஆனால் சூளையில் பேரியம் காபனேற்று உண்டாகிவிட்டால் லேசில் போகாது. அதற்காகத்தான் புளோரினோடு மல்லுக்கட்டு.

நவம்பர் 13
படலத்துக்கு அடித்தளம் லாந்தனம் அலுமினேற்றுத் தகடு, 1 செ.மீ. சதுரம். ஒரு சொட்டு விட்டு, நிமிடத்துக்கு 3000 சுற்றில் 30 செக்கன் சுழற்றினேன். இறக்கும்போது கண்ணாடி மாதிரி மினுங்கியது. சூளைக்குக் கொண்டு போவதற்குள் ஓரத்தில் பால் படிந்தது போல மங்கிவிட்டது. ஈரத்தைக் குடித்துவிட்டது. காலையில் நீலமாக இருந்த, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் மத்தியானம் இளஞ்சிவப்பு. மூன்று தகடு வீண்.

நவம்பர் 15
பழைய மீன்தொட்டியைக் கவிழ்த்து, உள்ளே உலர் நைதரசன் விட்டுப் பூசினேன். சரி வந்தது. வேடிக்கை என்னவென்றால், சூளைக்குள் போகும் வாயுவைத் தண்ணீருக்குள்ளால் குமிழவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். நீராவி இல்லாவிட்டால் முதலில் செம்பு உப்பு ஆவியாகிப் போகும். பிறகு பேரியம் புளோரைட்டு தன் புளோரினை விடாது. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப ஜன்னலத் திறந்து விடன் மகன்" என்றார்.
வெளியே வரும் ஐதரசன் புளோரைட்டு பொல்லாதது. புகைக்கூண்டுக்குள் சுண்ணாம்புத் தண்ணீர் வைத்துப் பிடிக்கிறேன்.

நவம்பர் 16
230 பாகையில் கரண்ட் போனது. வந்தபின் அவசரப்பட்டு வேகமாகச் சூடாக்கினேன். 200க்கும் 250க்கும் இடையில்தான் படலம் சுருங்கும், அங்கே ஆமை வேகம்தான் சரி. தெரிந்தும் செய்தேன். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் முழுக்க வெடிப்பு.

நவம்பர் 20
ஜெனரேற்றர் பக்கத்தில் இருந்தது. 400 பாகை வரை ஓரிரவு முழுக்க, மறுநாள் 780, கடைசியில் 450இல் உலர் ஒட்சிசன். வெளியே எடுத்தேன். கறுப்பு. என் முகம் தெரிகிறது!

நவம்பர் 23
திரவ நைதரசன் மச்சானிடம். அவன் மாட்டு வைத்தியர் பக்கம் வேலை. சினைப்படுத்தும் விந்துக் குழாய்கள் அதில்தான் கிடக்கும். ஒரு லீற்றர் தந்தான். படலத்தைக் குளிர்த்தி, நான்கு முனை வைத்து மின்தடையை அளந்தேன். 91 கெல்வினில் தடை சரியத் தொடங்கியது, நெஞ்சு அடித்தது. ஆனால் திரவ நைதரசனின் 77 கெல்வினிலும் கொஞ்சம் மிச்சம். பூச்சியம் இல்லை. ஒட்சிசன் போதவில்லை போலும். நாளைக்குத் திரும்ப ஊட்ட வேண்டும். இன்னொரு லீற்றர் கேட்டுப் போன் எடுத்தேன்.
"முதல்ல மாடு, பிறகு நீ" என்றான்.