டெய்லருக்கும் சர்லீஃபுக்கும் நடுவில் ஒருவர்

மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா என்றதும் நினைவுக்கு வரும் பெயர்கள் உள்நாட்டுப் போர்க்கால அதிபர் சார்லஸ் டெய்லரும், போருக்குப் பின் தேர்தலில் வென்று அதிபரான எலன் ஜான்சன் சர்லீஃபும்தான். இருவருக்கும் இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த நாட்டை நடத்திய ஜூடே பிரையன்ட்டை யாரும் பேசுவதில்லை. தலைநகர் மன்ரோவியாவில் நான் விசாரித்ததெல்லாம் அவரைப் பற்றித்தான்.

சிங்கோரிலிருந்து கேப்பிடல் ஹில்லுக்கு மஞ்சள் ஷேர் டாக்ஸி பிடித்தேன். பின் சீட்டில் நான்கு பேர். பக்கத்திலிருந்த அம்மாவின் மடியில் கருவாட்டுப் பை. மீன் சந்தை வந்ததும் எதிரே இருந்த வெட்டவெளியைக் காட்டி, "நாங்க உட்கார்ந்திருந்தது இங்கதான்" என்றார். 2003-இல் சமாதானப் போராளி லேமா போவியின் பின்னால் திரண்ட பெண்கள் வெள்ளை உடுத்தி, வெயிலிலும் மழையிலும் சமாதானம் கேட்டு உட்கார்ந்த இடம் அது.

அந்த ஆகஸ்ட் 11 அன்று டெய்லர் பதவியை விட்டு நைஜீரியாவுக்குப் போய்விட்டார். ஒரு வாரத்தில் கானாவின் அக்ராவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. இடைக்கால அரசின் தலைவராகப் பிரையன்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இயந்திரங்கள் விற்கும் வியாபாரி. எந்தப் படையையும் சேராதவர். அதுதான் அவருடைய தகுதி.

அதுவே பலவீனமும்கூட. 76 பேர் கொண்ட சட்டமன்றத்தில் 36 இடங்கள், சண்டை போட்ட மூன்று தரப்புக்கும் ஆளுக்குப் பன்னிரண்டாகப் போயின. அமைச்சகங்களையும் அப்படியே பங்கு போட்டுக்கொண்டார்கள். நேற்றுவரை ஊரைச் சுட்டவர்கள் அமைச்சர் நாற்காலியில்! அவர்களை நீக்க நினைத்தால் ஒப்பந்தமே உடைந்துவிடும்.

ஆயுதக் களைவும் ஆரம்பத்திலேயே தடுமாறியது. 2003 டிசம்பரில் நகருக்கு வெளியே ஷீஃப்ளின் முகாமை ஐ.நா. திறந்தபோது, ஆயுதத்தை ஒப்படைக்க வந்த போராளிகள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. கையில் பணம் வரவில்லை என்று கோபப்பட்டவர்கள் மன்ரோவியாவில் துப்பாக்கிச் சூட்டில் இறங்கினார்கள், உயிர்கள் போயின. வேலையை நிறுத்தி, 2004 ஏப்ரலில் மறுபடி தொடங்கினார்கள். ஆளுக்கு 300 டாலர், இரண்டு தவணையாக. கடைசியில் பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள்.

கேப்பிடல் ஹில்லில் அதிபர் மாளிகை, நாடாளுமன்றம், நீதிமன்றம் மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அங்கே பேச்சுக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர், "பிரையன்ட் காலத்துல எனக்கு மாசக்கணக்கா சம்பளம் வரல" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஆனா ராத்திரி வீட்டுல தூங்கினோம்" என்று சேர்த்துக்கொண்டார்.

சம்பளம் ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் கஜானாவில் இருந்தது. பணம் கசிந்த வேகத்தைப் பார்த்து, 2005-இல் வெளிநாட்டு நிபுணர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் செலவு செய்யலாம் என்று உதவி செய்த நாடுகள் கட்டாயப்படுத்தின. ஒப்பந்தப்படி பிரையன்ட் அந்த ஆண்டுத் தேர்தலில் நிற்க முடியாது. பதவிக்காலத்தை நீட்டிக்கவும் அவர் முயலவில்லை. சர்லீஃப், கால்பந்து வீரரான ஜார்ஜ் வேயாவை வென்று, 2006 ஜனவரி 16 அன்று பதவியேற்றார். ஆட்சி மாற்றம் அவ்வளவு அமைதியாக நடந்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விடாத தலைவர்கள் எத்தனை பேர்!

மறு வருஷமே அரசுப் பணத்தைக் கையாடியதாகப் பிரையன்ட்மேல் வழக்கு. 2009-இல் விடுதலை. 2014-இல் இறந்துபோனார். நீதிமன்றம் அவரை விட்டது சரிதான். ஆனால் அந்த ஆட்சியில் போன பணத்துக்கு அந்த ஆசிரியருக்கு இன்றுவரை யாரும் கணக்குச் சொல்லவில்லை.