க்ளோசபின் தொடங்குகிறவர்களுக்கு

மனச்சிதைவு நோய்க்கு எடுத்தவுடன் க்ளோசபின் தருவதில்லை. வேறு இரண்டு மருந்துகளை, சரியான அளவில், ஒவ்வொன்றும் 6 வாரமாவது சாப்பிட்டும் காதில் குரல் கேட்பது அடங்காதபோதுதான் இதற்கு வருவார்கள். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கித் துப்புகிறவருக்கு மருந்தே வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதை முதலில் பாருங்கள்.

நியூட்ரோபில் என்பது கிருமியை எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணு; இந்த மருந்து அதைக் குறைத்துவிடலாம். அதனால் தொடங்கும் முன் அதன் எண்ணிக்கை, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், 1500-க்குக் குறையக் கூடாது. பல லேப்களில் சதவீதம்தான் போடுவார்கள். மொத்த வெள்ளையணு 5000, நியூட்ரோபில் 60 சதவீதம் என்றால் எண்ணிக்கை 3000. அமெரிக்க அட்டவணைப்படி முதல் 6 மாதம் வாராவாரம், அடுத்த 6 மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும்.

முதல் நாள் 12.5 மில்லிகிராம், அதாவது 25 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் பாதி. அங்கிருந்து மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கவே கூடாது. உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்திருக்கும். மயங்கி விழலாம், வலிப்பும் வரலாம். டாக்டரிடம் கேட்டு மறுபடி 12.5-இலிருந்துதான். ஊருக்குப் போகும்போது மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.

எல்லோரும் ரத்தப் பரிசோதனையை நினைத்தே பயப்படுகிறார்கள். மலச்சிக்கலை யாரும் பொருட்படுத்துவதில்லை; அதுவும் உயிரைக் குடிக்கும். குடல் அசைவே நின்றுபோகலாம். நோயாளி தானாகச் சொல்லமாட்டார், தினமும் நாம்தான் கேட்க வேண்டும். மலமிளக்கியை ஆரம்பத்திலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். வயிறு உப்பி வாந்தி வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பீடி, சிகரெட் புகை இந்த மருந்தைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். வார்டில் பீடி நின்றதும் ரத்தத்தில் மருந்தளவு ஏறி, ஆள் தூங்கி வழிவார். காரணம் நிகோடின் அல்ல, புகைதான். அதனால் நிகோடின் சூயிங்கம் கொடுத்தாலும் இது மாறாது. வீட்டுக்கு வந்து மறுபடி பிடித்தால் அளவு இறங்கி, குரல்கள் திரும்பலாம். பீடியை நிறுத்தினாலும் தொடங்கினாலும் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.

காய்ச்சல், தொண்டை வலி வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் அன்றே ரத்தம் பாருங்கள். முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சலோடு நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல் இருந்தால் இதயத் தசை அழற்சியாக இருக்கலாம். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். எதற்காவது சிப்ரோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், க்ளோசபின் சாப்பிடுவதை அப்போதே சொல்லிவிடுங்கள். அது ரத்தத்தில் க்ளோசபின் அளவை ஏற்றிவிடும்.