ஓஏடி படிக்கட்டும் சனிக்கிழமை படமும்

ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க, கிளாஸ் பத்தி பேசுறதுக்கு முன்னாடி ஓஏடி பத்திதான் பேசுவாங்க. ஓப்பன் ஏர் தியேட்டர், கூரையே கிடையாது, வளைவா இறங்குற படிக்கட்டு, சனிக்கிழமை ராத்திரி ஆனா அங்கதான் படம். பகல் பூரா வெயில் குடிச்ச படி ராத்திரியும் கதகதன்னு இருக்கும், ஹீரோ வந்ததும் மொத்த கூட்டமும் கத்தும், அந்த சத்தத்துல டயலாக் பாதி கேக்காது, ஆனா யாருக்கும் அது ஒரு குறையா தெரியாது, மல்டிப்ளெக்ஸ்ல காசு குடுத்தாலும் இது கிடைக்காதுங்க.

ஜனவரில சாரங், அதாவது ஐஐடியோட கலை விழா, வந்தா அதே படிக்கட்டுல கச்சேரி. ராக் நைட்டுக்குதான் தள்ளுமுள்ளு, ஆனா என் ஓட்டு கிளாசிக்கல் நைட்டுக்குதான்.

அப்புறம் ஸ்பிக் மேகே. 1977ல டெல்லி ஐஐடி பேராசிரியர் கிரண் சேத் ஆரம்பிச்ச அமைப்பு, பெரிய பெரிய வித்வான்களை காலேஜுக்கே கூட்டிட்டு வந்து ஸ்டூடண்ட்ஸுக்கு இலவசமா கேக்க வைக்கிறாங்க. தரையில சம்மணம் போட்டு முன்வரிசைல உக்காந்தா, மிருதங்கக்காரர் ஒரு சின்ன கல்லால விளிம்பை தட்டித் தட்டி சுருதி சேக்கறது, அந்த டக் டக் கூட காதுல விழும், பெரிய சபால பின்சீட்டுல இதெல்லாம் எங்க தெரியப்போகுது?

ஓவியம் பிடிக்கும்னா பெரியமேடு பக்கம் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கு, 1850லேர்ந்து. அங்க மாணவர்கள் கண்காட்சி வச்சா போயிட்டு வாங்க, வரைஞ்சவங்களே பக்கத்துல நிப்பாங்க, தயங்காம கேளுங்க, ஆசையா சொல்லுவாங்க.