எங்கள் தோட்டத்து டவரும் இரண்டு மாத விளம்பரமும்

முதலில் வந்தது சிவப்பு பெயிண்ட் அடித்த ஒரு கல். 2017 ஆடி மாதம். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஆறரை ஏக்கரில், தென்னந்தோப்பு முடிந்து கொறங்காடு தொடங்குகிற இடத்தில் யாரோ அதை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆடு ஓட்டப் போன அப்பா பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார். "ஏங் கண்ணு, சர்வேக்கு ஏதாச்சும் எழுதிக் குடுத்தியா?" நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஊர். எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

விஏஓவிடம் கேட்டபோது 400 கிலோவோல்ட் லைன் வருகிறது என்றார். எங்கள் பூமியில் ஒரு டவர், கம்பி போகிற நீளம் 210 மீட்டர். 400 கே.வி. லைனுக்குப் பாதை அகலம் 46 மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 2 ஏக்கர் 39 சென்ட். அதற்குள் 112 தென்னை. பட்டா நம் பேரிலேயே இருக்கும். ஆனால் அந்த அகலத்துக்குள் தென்னை நிற்க முடியாது, வீடு கட்ட முடியாது, அடமானம் வைக்கப் போனால் பேங்க்கில் ஆயிரம் கேள்வி வரும்.

மாரியம்மன் கோயில் திடலில் கூட்டம் போட்டோம். பதினேழு குடும்பம். பேச்சு முழுவதும் ரேட்டுதான்: தென்னைக்கு எவ்வளவு, டவர் காலுக்கு எவ்வளவு, கைடுலைன் வேல்யூவா சந்தை விலையா. நான் எழுந்து, "இந்த லைன் முதல்ல தேவைதானுங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் சிரிப்பு. என் தாய்மாமன்தான் வாய் திறந்தார்: "மாப்ள, மழை வேணுமான்னு கேக்கறாப்ல இருக்குது."

திருப்பூரில் கூட வேலை செய்கிறவர் இன்னும் நேராகவே கேட்டார். ஃப்ரீ கரன்ட்டில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் டவர் வேண்டாம் என்றால் எப்படி? எனக்குச் சுருக்கென்றது. 1970-இல் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடி, பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்த சீமை இது. கரன்ட்டின் அருமை எங்களுக்குத் தெரியாதா? அதோடு, 2012-இல் திருப்பூரில் பாதி நாள் கரன்ட் இல்லாமல் கிடந்தபோது எங்கள் கம்பெனி ஜெனரேட்டருக்கு டீசல் பில் எழுதியவன் நான்தான். அந்த மாதங்களின் லெட்ஜர் இன்னும் கண்ணில் நிற்கிறது. தேவையா என்று நான் கேட்டதே, பில்லை முழுதாகப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் இல்லாததால்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, லைன் போடுகிற நிறுவனத்துக்கு மனு அனுப்பினேன். (நிறுவனத்தின் பேர் இங்கே வேண்டாம்.) முப்பதாவது நாள் வந்த பதில், வணிக ரகசியம் என்று 8(1)(d) பிரிவைக் காட்டியது. மேல்முறையீட்டில் ஒரு கட்டுத் தாள் வந்தது. பாதிக்கு மேல் டவர் வரைபடம். ஆனால் அதில் ஒரு வரி எனக்கு வழி காட்டியது: இந்த லைன் எந்தக் கூட்டத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதற்கான குறிப்பு.

மாநிலத்துக்கு மாநிலம் போகிற லைன்களை யார் முடிவு செய்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. தென் மண்டலத்துக்கென்று ஒரு நிலைக்குழு இருந்தது. மத்திய மின்சார ஆணையம், மாநிலங்களுக்கு இடையிலான லைன்களைத் திட்டமிடுகிற மத்திய மின்தொடர் அமைப்பு, மாநில மின்வாரியங்கள் எல்லாம் அதில் உட்கார்ந்து பேசும். கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். நான்கு ஞாயிறு அதிலேயே போனது. எங்கள் லைனுக்கு அங்கே ஒன்றரைப் பக்கம்.

அந்த ஒன்றரைப் பக்கம் எழுதப்பட்டது மின்வெட்டுக் காலத்தில். அதற்குப் பிறகு நிலைமை மாறியிருந்தது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாகத் தென் மண்டலம் நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒரே கிரிட்டாக இணைந்தது. அடுத்த ஆண்டு கடைசியில் கூடங்குளம் முதல் அலகு வணிக உற்பத்தி தொடங்கியது. முக்கியமாக, தேவை பற்றிய கணிப்பே சறுக்கியிருந்தது. ஆணையத்தின் 18-ஆவது மின் தேவைக் கணக்கெடுப்பு, 2016-17-இல் நாட்டின் உச்சத் தேவை 1,99,540 மெகாவாட் என்று போட்டிருந்தது. உண்மையில் வந்தது ஏறக்குறைய 1,59,500. நாலில் ஒரு பங்கு கூடுதலாகக் கணித்திருக்கிறார்கள். 2021-22-க்கு 2,83,470 என்று சொல்லியிருந்ததை, 2017-இல் வந்த 19-ஆவது கணக்கெடுப்பு 2,25,751 ஆகக் குறைத்தது. கணிப்பைத் திருத்திய பிறகு, பழைய கணிப்பை நம்பிப் போட்ட லைன்களைத் திரும்பப் பார்த்தார்களா? எங்கள் லைனைப் பொறுத்தவரை எனக்குக் கிடைத்த தாள்களில் அதற்கான அடையாளம் இல்லை.

சந்தோஷமாக ஒரு மனு எழுதினேன். ஏற்கெனவே இருக்கிற லைன்களில் பாதி அளவுதான் ஓடுகிறது என்று அதில் ஒரு பத்தி. ஈ.பி.யில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா முறை ஒருவர் உடுமலையில் இருக்கிறார். படித்துவிட்டு அந்தப் பத்தியைப் பேனாவால் அடித்தார். "பாதிதான் ஓடுதுன்னு எழுதாத சாமி. பாதிதான் ஓடோணும். ஒரு லைன் ட்ரிப் ஆச்சுன்னா அதுல போற லோடு பூராவும் மத்ததுல ஏறும். அதுக்கு எடம் உட்டுத்தான் கட்டுவாங்க." நான் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த பத்தியும் போனது. கேரளத்துக்குள் சாலையோரமாகக் கேபிள் புதைக்கிறார்கள், இங்கே ஏன் கூடாது என்று நாங்கள் எல்லோரும் அப்போது கேட்ட கேள்வி. புகளூர்–திருச்சூர் லைனில் கேரளப் பகுதியில் சுமார் 30 கிலோமீட்டர் பூமிக்குள் போவது உண்மைதான். ஆனால் அது நேர்மின்சாரம். எங்களுடையது மாறுமின்சாரம், கேபிளின் நீளம் கூடக் கூட, அதற்கு ஊட்டுகிற மின்னோட்டமே பெரும்பங்கைத் தின்றுவிடும். "வேணும்னா சின்னத் துண்டு புதைக்கலாம். அம்பது கிலோமீட்டர் ஆகாது."

பதிலுக்கு அவரே கேள்விகள் எடுத்துக் கொடுத்தார். லைன் எந்த அனல் நிலையங்களின் கரன்ட்டைக் கொண்டுவரப் போகிறது, அவற்றுக்கு வாங்குகிறவர்களோடு ஒப்பந்தம் இருக்கிறதா? (2018 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை, சுமார் 40,000 மெகாவாட் அளவுக்கு 34 அனல் திட்டங்கள் கடனில் சிக்கிக் கிடப்பதாகச் சொன்னது, ஒப்பந்தம் இல்லாததும் ஒரு காரணம்.) பழைய டவரிலேயே கம்பியை மட்டும் மாற்றி, அதிகச் சூடு தாங்குகிற கம்பி போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓட்டலாமே, அதைப் பரிசீலித்தார்களா?

கணக்குக்காரனாக எனக்குப் பிடிபட்டது இன்னொன்று. லைனுக்கான கட்டணம் அதில் எவ்வளவு ஓடியது என்பதைப் பார்த்து வருவதில்லை. லைன் தயாராக நின்றதா என்பதைப் பார்த்துத்தான். 98 சதவீத நேரம் தயாராக இருந்தால் முழு வாடகை. ஏலமில்லாமல் ஒப்படைக்கப்படுகிற லைன்களுக்குச் சொந்த முதலீட்டின் மீது 15.5 சதவீத வருமானத்தை, கட்டணம் நிர்ணயிக்கிற மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையமே அப்போது அனுமதித்திருந்தது. எங்கள் கம்பெனியில் நிட்டிங் மெஷின் வாடகைக்கு எடுத்தால் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கட்ட வேண்டும். அதனால் எடுப்பதற்கு முன்னால் முதலாளி பத்துத் தடவை யோசிப்பார். இங்கே வாடகை கட்டுகிற மின்வாரியம் கூட்டத்தில் உட்கார்ந்துதான் இருக்கிறது. ஆனால் கரன்ட் போனால் அதைத் திட்ட ஊரே இருக்கிறது, லைன் கூடுதலாகிப் போனால் திட்ட ஒருத்தரும் இல்லை. அப்படி இருக்கும்போது யார் வேண்டாம் என்பார்கள்?

மனுவோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு இரண்டு தடவை போனேன். பிறகு விசாரணைக்கு நோட்டீஸ் வந்தது. நாங்கள் வேலையைத் தடுத்ததால், 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நடுவதற்குப் போட்ட சட்டம். 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை லைன் போடுகிறவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. நிறுவனத்தின் வக்கீல், நில உரிமையாளர் சம்மதம் தேவையில்லை என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நீட்டினார்.

விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். என் ஒன்பது பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். "நீங்க கேக்கறது நியாயமாக்கூட இருக்கலாமுங்க. ஆனா இந்தப் பிரிவுல என் வேலை, உள்ள உடறதா வேண்டாமாங்கறது மட்டும்தான். தேவையான்னு நான் பாக்க முடியாது." அப்படியானால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. 2006 அறிவிக்கையின் பட்டியலில் மின்தொடர் லைன்கள் இல்லை. இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம், அங்கேயும் ரூபாய்க் கணக்குத்தான். அவர் ஃபைலில் இருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்துக் காட்டினார். செய்தித்தாள் விளம்பரம். பொடி எழுத்தில் வரிசையாக ஊர்ப் பேர்கள், அதில் எங்கள் ஊரும். ஆட்சேபம் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் தெரிவிக்கவும். தேதியைப் பார்த்தேன். கல் நட்டதற்கு ஓராண்டுக்கும் முன்னால்.

அனுமதி கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைத்தது, டவரை 38 மீட்டர் தள்ளி வேலியோரம் வைத்தார்கள். அதில் 24 தென்னை தப்பியது, கிணறும் தப்பியது. மத்திய மின்துறையின் 2015 வழிகாட்டுதல்படி டவர் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே அதிகபட்சம் 15 சதவீதம். 2024-இல் இதை 200, 30 என்று உயர்த்தியிருக்கிறார்கள். எங்களுக்கு அது பொருந்தாது. மரம் அறுத்த அன்று அப்பா காட்டுப் பக்கமே போகவில்லை. சாயந்திரம் வந்து, "எளநி நாலு எடுத்து வெச்சிருக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

2024 மே மாதம் நாட்டின் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. லைன் வீண் என்று இன்றைக்கு நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2021-22-லேயே 2,83,470 வரும் என்று நம்பிப் போட்ட லைன் அது. அதைத் தள்ளிப் போட்டிருக்கலாமா, கம்பியை மாற்றியே சமாளித்திருக்கலாமா என்று கேட்க இடமில்லாமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகு கம்பெனிக்கு வருகிற மூன்று பேப்பரிலும் பின்பக்கத்துப் பொடி எழுத்து விளம்பரங்களைத் தினமும் பார்த்துவிடுகிறேன். ஆபீசில் கேலி செய்கிறார்கள். ஏல முறையில் வருகிற லைன் என்றால் இன்னொரு வாசலும் இருக்கிறது: உரிமம் கேட்டு விளம்பரம் வந்த 30 நாளுக்குள் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஆட்சேபம் அனுப்பலாம், அதைப் பரிசீலிக்காமல் உரிமம் தரக்கூடாது என்று மின்சாரச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. போன மாதம் ஒரு விளம்பரத்தில் என் மனைவியின் ஊர்ப் பக்கத்துப் பேர் ஒன்று கிடந்தது. எங்களுக்கு வந்தது போன்ற இரண்டு மாதக் கெடு விளம்பரம், ஆட்சேபத்துக்கு இன்னும் 41 நாள் இருந்தது. நம்பர் விசாரித்து அந்த ஊர் விவசாயி ஒருவரிடம் பேசினேன். லைன் வருவதே அவருக்குத் தெரியவில்லை. நான் கூட்டக் குறிப்பு, கணிப்பு, கெடு என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க," என்றார். "உங்களுக்குத் தென்னை ஒண்ணுக்கு எவ்வளவுங்க குடுத்தாங்க?"