பழைய நோட்டு – 4

"மெஷின் எல்லாம் இருக்கட்டும் சார். அளவு நோட்டை மட்டும் கொடுத்துவிடுங்கள்." அந்தத் தையல்காரர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். நான் சொன்ன பதிலும் சிறியதுதான்: "கோர்ட்டில் மனு போடுங்கள் பெரியவரே. உத்தரவு வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம்."

தவறான பதில் இல்லை என்று அன்று நினைத்தேன். இன்றும் சில நாள் அப்படித்தான் நினைக்கிறேன். காலி செய்யும் உத்தரவோடு கோர்ட் அமீனா பூட்டை உடைத்துக் கடையைச் சுவாதீனம் எடுத்தபோது அவர் ஊரில் இல்லை. உள்ளே இருந்தவற்றைப் பட்டியல் போட்டு, கட்டட உரிமையாளரின் பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டினோம். உரிமையாளருக்காக ஆஜரானவன் நான். பட்டியலில் என் கையெழுத்தும் இருக்கிறது. அப்படி ஒப்படைக்கப்பட்ட பொருளை வாய்வார்த்தைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, நாளைக்கு ஏதோ குறைகிறது என்று புகார் வந்தால் என் கட்சிக்காரர் யாருக்குப் பதில் சொல்வார்? பட்டியல் இரு தரப்புக்கும் பாதுகாப்பு அல்லவா?

ஆனால் இந்தக் காரணம் எனக்குப் பிறகுதான் தோன்றியதோ என்ற சந்தேகம் விடுவதில்லை. அதற்கு முந்தின நாள் உரிமையாளர் கேட்டிருந்தார்: "பதினான்கு மாத வாடகை பாக்கி சார். அது வரும்வரை சாமான்களை வைத்துக்கொள்ளலாமா?" கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். காலி செய்யும் உத்தரவு இடத்துக்குத்தான், சாமான்கள் கடைக்காரருடையவை. பாக்கிக்குத் தனியாக உத்தரவு வாங்கித்தான் ஜப்திக்குப் போக வேண்டும். போனாலும் கைத்தொழிலாளியின் கருவிகளையும் கணக்குப் புத்தகங்களையும் தொடக்கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. நீதிமன்றமே கைவைக்க முடியாதவற்றை நாங்கள் ஒரு பூட்டுக்குள் வைத்திருந்தோம். "கூடாது" என்பதற்குப் பதில், "அவர் மனு போடட்டும், பார்ப்போம்" என்றேன். உரிமையாளருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சுவரில் பதித்துக் கட்டிய அலமாரிகள் வேறு விஷயம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவுப்படி, அப்படிப் பொருத்தியவற்றை இடம் தன் வசம் இருக்கும்வரைதான் வாடகைதாரர் பெயர்த்தெடுக்கலாம், அதன்பிறகு முடியாது. தச்சருக்குக் கூலி கொடுத்தது நான்தானே என்று நம்பிச் சாவியைக் கொடுத்துவிடுகிற கடைக்காரர்கள் எத்தனையோ பேர். அலமாரியை அவர் கேட்கவே இல்லை.

அவர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. காலி செய்ய அவகாசம் இருந்தது. மேல்முறையீட்டில் தடை கிடைத்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு ஊசியைக்கூட எடுக்காமல் போனார். அவருக்குப் பொறுப்பே இல்லையா என்று பலமுறை எனக்குள் வாதாடியிருக்கிறேன். ஆனால் அது புரட்டாசி. பட்டியலில் 'துணி மூட்டை – 11' என்று எழுதிய மூட்டைகளில் இருந்தவை தீபாவளிக்குத் தைக்கப் பெண்கள் கொடுத்த துணிகள். அவை அவருடையவையும் அல்ல, உரிமையாளருடையவையும் அல்ல. அந்தப் பெண்கள் எந்த வழக்கிலும் கட்சிக்காரர்கள் இல்லை. யாருடைய துணி, என்ன அளவு என்பதெல்லாம் அந்த நோட்டில்தான் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

உத்தரவு கார்த்திகையில் வந்தது. அறையைத் திறந்தபோது அவர் தையல் இயந்திரங்களைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, "ஐந்து இருக்குமே சார்" என்றார்.

பட்டியலில் நான்கு. "பழைய நோட்டு நான்கு என்று போடுங்கள்" என்று அமீனாவிடம் சொன்னவன் நான். தூசியில் வாசலோரம் நின்றுகொண்டு, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் சொன்னேன். அந்த அடுக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. எண்ணினேனா என்பது மட்டும் நினைவில் இல்லை. அறையைத் துழாவினோம், கிடைக்கவில்லை.

என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "வீட்டில் இருக்கிறதோ என்னவோ சார்" என்றார். 'பட்டியலில் கண்டபடி பெற்றுக்கொண்டேன்' என்று நான் எழுதி வைத்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.